செயலாளரின் ஆண்டறிக்கை: சுதந்திரப் பொன்விழா வெள்ளிக் குற்றியும் எமது சங்கமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், எமது நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை சுதந்திரமடைந்த 50ஆவது ஆண்டு நிறைவையொட்டி 1998இல் மத்திய வங்கி வெளியிட்ட 1000 ரூபா வெள்ளி ஞாபகார்த்த நாணயக் குற்றியே இவ்வாண்டு எமது கூட்டங்களில் பெரிதும் பேசப்பட்டது. அதே ஆண்டில் வந்த இருலோக 10 ரூபாக் குற்றியும், நாட்டின் முதலாவது பொலிமர் தாளான 200 ரூபாத் தாளும் சந்தை வரை புழங்கியவை. வெள்ளிக் குற்றியோ பெட்டியை விட்டு வெளியே வராததால், அதைக் கண்ணால் காணாதவர்களே எம்மில் அதிகம்.

பராமரிப்புப் பற்றிய அமர்வுக்கு உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த வெள்ளிக் குற்றியில், கண்ணாடிபோல் இருந்திருக்க வேண்டிய பின்புலம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள் ஓடியிருந்தன. குத்துவிளக்குத் துலக்கும் பழக்கத்தில் வீட்டார் அதைத் திருநீறு போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளி கறுப்பது இயல்பு. அக்கறுப்பைவிடத் தேய்ப்பே குற்றிக்குக் கேடு என்பதும், பீவீசீ எனும் பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் வைத்தால் கலப்பிலுள்ள செம்பு பச்சைப் பிசுபிசுப்பாகக் கசியும் என்பதும் அன்று விளக்கப்பட்டன.

கவலைக்குரிய விடயம் வேறொன்று உண்டு. 1957இல் புத்த ஜயந்திக்காக வெளியான 5 ரூபா வெள்ளிக் குற்றி 28.28 கிராம் நிறையும் 925 தரமும் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) உடையது. அதாவது, அதில் ஏறத்தாழ 26 கிராம் தூய வெள்ளி உண்டு. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இத்தகைய குற்றிகள் பழைய கொலுசுகளோடு சேர்ந்து கொழும்பின் நகைக்கடை வீதியான செட்டியார் தெருத் தராசில் ஏறிவிடுகின்றன. முகப்பெறுமதியைவிட உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் பெறுமதி பன்மடங்கு கூடியதால், விற்பவரையும் வாங்குபவரையும் நான் குறை கூற மாட்டேன். ஆயினும் உருக்கும் முன் ஒரு சேகரிப்பாளரிடம் காட்டியிருந்தால் பெரும்பாலும் கூடுதல் பணமே கிடைத்திருக்கும்.

கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கி நடத்தும் நூதனசாலைக்குச் சென்ற பயணம் இனிதே நிறைவுற்றது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

உறுப்பினர் வீடுகளிலுள்ள சுதந்திர ஞாபகார்த்தக் குற்றிகளை, அவற்றின் பெட்டி, சான்றிதழ் விபரங்களுடன், உரிமையாளர் பெயரை வெளியிடாது சங்கப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான பிரேரணையைச் செயற்குழுவின் சார்பில் இச்சபை முன் வைக்கிறேன்.

செயலாளர்,
கொழும்பு.