பதினாறு பாருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நமது நாடகக் குழு மேடையேற்றப்போகும் இசை நாடகத்துக்கான நடிகர் தேர்வு முடிந்து, பாத்திரப் பட்டியலும் வந்துவிட்டது. எனக்குக் கோரஸில் இடம் கிடைத்திருக்கிறது. ஒவ்வொருவரையும் பார்த்து வாய்வார்த்தையாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. சல்லிக்காசு வாங்காமல், வேலை முடிந்த மாலைகளையும் ஓய்வு நாட்களையும் கொடுத்து இந்தத் தேர்வை நடத்தினீர்கள். பார்வையாளர்கள் நாடகத்தைப் பார்ப்பார்கள், இதைப் பார்க்கப்போவதில்லை. பார்த்தவள் நான். அதனால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் பாட்டு ஆசிரியர். பாடுவதற்கு 16 பார்தான் என்று அறிவிப்பில் இருந்தது. பார் என்றால் மேற்கத்திய இசைக்குறிப்பில் தாளத்தின் ஒரு சுற்று. நடுத்தர வேகத்தில் பாடினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் எட்டாத உயரத்தையெல்லாம் எட்டிக் காட்ட வேண்டும் என்று நான் துடித்தபோது, “உன் குரல் எங்கே நிம்மதியாக உட்காருகிறதோ, அங்கே பாடு. கேட்பவர்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்” என்றீர்கள். பாட்டின் முதல் வரியிலிருந்து தொடங்காமல், கடைசிச் சரணத்தின் பிற்பாதியை வெட்டிக் கொடுத்தீர்கள். கதை திரும்புவதும் அங்கேதான், குரல் ஏறி இறங்குவதும் அங்கேதான். தொண்டை களைத்த நாட்களில் மெல்லிய ஸ்ட்ரா வழியாக ராகம் இழுக்கவைத்தீர்கள். மூச்சு அந்த ஸ்ட்ராவில் தடைபடும்போது உள்ளே ஓர் எதிர் அழுத்தம் உண்டாகி, குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுவது குறைகிறது என்று காரணமும் சொன்னீர்கள். காரணம் தெரிந்து செய்த பயிற்சி எனக்குப் பயத்தையும் குறைத்தது.

அடுத்து பியானோ வாசித்த அம்மா. உங்களைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

தேர்வுக்கு முன் பயிற்சி மாலை ஒன்று வைத்து, விரும்பியவர்கள் எல்லோரும் வரலாம் என்றீர்கள். என் இசைக்குறிப்புத் தாள்களை வாங்கிப் பார்த்தவுடன், பளபளக்கும் பிளாஸ்டிக் உறைகளிலிருந்து அவற்றை உருவி எடுத்தீர்கள். மேல் விளக்கின் வெளிச்சம் பட்டால் உறை கூசும், குறிப்பு தெரியாது. பக்கம் புரட்டுவது குறையும்படி இருபுறமும் அச்சிட்டு வளையக் கோப்பில் போடச் சொன்னீர்கள். சிவப்புப் பென்சிலால் தொடக்கத்தில் ஓர் அம்புக்குறி, முடிவில் ஒரு கோடு, நான் மூச்செடுக்கும் இடங்களில் சின்னக் கீற்று. “அறைக்குள் வந்ததும் வேகத்தைக் காட்டுவதற்கு என் முன்னால் விரலைச் சொடுக்காதே. முதல் வரியை அதே வேகத்தில் மெல்லப் பாடிக் காட்டு, நான் பிடித்துக்கொள்கிறேன்” என்றீர்கள்.

பிடித்துக்கொள்ளவும் செய்தீர்கள். அன்று காலையிலிருந்து முன்பின் பார்த்திராத தாள்களைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். ஒருவர் கோப்பில் பக்கம் மாறியிருக்கும். இன்னொருவர் தாளில் கடைசி வரி நகலெடுக்கும்போதே வெட்டுப்பட்டிருக்கும். என் முறை வந்தபோது உங்கள் கண்ணில் அந்தக் களைப்பின் நிழல்கூட இல்லை. கடைசி வரிக்கு முன்னால் நான் மூச்சை இழுப்பதைக் கவனித்து, அது நிரம்பும்வரை, சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்த அந்தச் சுரக்கட்டைத் தாங்கிப் பிடித்தீர்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு நொடிகூட இருக்காது. அந்த ஒரு நொடியால்தான் என் கடைசி வரி முழுமையாக வந்தது. பக்கவாத்தியம் என்று சொல்கிறோம். அன்று என்னைத் தூக்கி நிறுத்தியதே அதுதான்.

மேடை மேலாளர் அக்காவுக்கு நன்றி. வர முடியாத தேதிகளைக் கேட்கும் படிவத்தைப் பார்த்து நாங்கள் தயங்கியபோது, “உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இப்போதே தெரிந்தால் ஒத்திகை அட்டவணையை அதற்கேற்பப் போடலாம், நாடகம் நெருங்கிய பிறகு தெரிந்தால்தான் சிக்கல்” என்று எல்லோரிடமும் அலுக்காமல் சொன்னீர்கள். நடன அமைப்பாளருக்கும் நன்றி. எட்டு எட்டு எண்ணிக்கையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வரிசைகளை மாற்றி மாற்றிப் பின்னால் நின்றவர்களை முன்னால் கொண்டுவந்தீர்கள். கால் தடுமாறினாலும் முகம் நடனத்தை விட்டு விலகாதவர்களையும் குறித்துக்கொண்டதாக நீங்கள் பிறகு சொன்னது பலருக்குத் தெம்பூட்டியது.

இயக்குநர் ஐயா, வசனத் தாளைக் கையில் கொடுத்தவுடன் படிக்கச் சொல்லாமல், வெளியே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னீர்கள். நான் கோபத்தோடு படித்து முடித்ததும், “நன்றாக இருக்கிறது. இதையே பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துச் சொல்லுங்கள்” என்றீர்கள். குரல் தானாகத் தாழ்ந்தது. கோபம் இன்னும் கூர்மையாயிற்று. அந்த ஒரு வாக்கியத்தில் நடிப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது, தேர்வாகாத ஒவ்வொருவரையும் நீங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசியது. தன் பெயர் இல்லாத பட்டியலைப் பார்த்துத்தான் முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை யாருக்கும் வரக்கூடாது. எல்லாக் குழுக்களும் இதைச் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

குழந்தையைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும், ஒரே பதினாறு பாரைச் சலிக்காமல் கேட்ட கணவருக்கும் இந்த மடலில் ஒரு வரிதான். மீதியை வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக, நான் ஆசைப்பட்ட பாத்திரத்தைப் பெற்றிருக்கும் தங்கைக்கு. இரண்டாம் சுற்றில் நாம் இருவரும் அதே பாத்திரத்துக்காகத்தான் காத்திருந்தோம். அது தெரிந்தும், நடைக்கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்து, மறுபக்க வசனத்தை எனக்காகத் திரும்பத் திரும்பப் படித்தாய். உள்ளே போனபோதும் என் முறையில் கண்ணை என்னிடமிருந்து எடுக்காமல், என் வசனத்துக்கு இடம் விட்டுப் பதில் சொன்னாய். பட்டியலைப் பார்த்த அன்று எனக்கு வருத்தம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாத்திரம் சரியான ஆளிடம்தான் போயிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாம் அங்கத்தில் நீ பாடும் பாட்டுக்குக் கீழ்க்குரல் எங்கள் வரிசையுடையது. என் பகுதியை இப்போதே மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டேன். முதல் ஒத்திகைக்குக் கொஞ்சம் முன்னதாக வந்தால், இருவரும் ஒருமுறை சேர்ந்து பாடிப் பார்க்கலாம்.

நன்றியுடனும் அன்புடனும்,
கோரஸ் வரிசையிலிருந்து உங்கள் தோழி