இறக்கத்தைப் பார்த்து வண்டி எடு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கட்டார் கணக்கை முடித்துக்கொண்டு ஹப்புத்தளைக்கே வந்துவிட்டாய் என்று டவுனில் பேச்சு அடிபட்டது. உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். பண்டாரவளையில் நாங்கள் எல்லோரும் சுகம். மகள் பதுளையில் படிப்பிக்கிறாள், கிழமைக் கடைசியில் வந்து போவாள். 2025 நவம்பரில் டிட்வா புயல் ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டபோது பஸ்ஸை மட்டும் நம்பி அவள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அதனால் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் மனைவிக்கு வந்திருக்கும்.

ராயல் என்ஃபீல்ட் 350 இழுக்குமா என்று கேட்டிருக்கிறாய். இழுக்கும், தாராளமாக இழுக்கும். மலையில் வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தைத்தான் விசாரிக்கிறார்கள். ஏற்றத்தில் சக்தி போதாவிட்டால் என்ன ஆகும்? ஒரு கியரைக் குறைத்து மெதுவாகப் போவாய், அவ்வளவுதான். இறக்கத்தில் பிடிப்பு போதாவிட்டால் கதை வேறு. உன் வாசலிலிருந்து பெரகலைக்கு இறங்கி, கொஸ்லந்தை வழியாக வெல்லவாய போனால் 1,400 மீட்டருக்கு மேலிருந்து ஏறக்குறைய 200 மீட்டருக்கு வந்து சேருகிறாய். எல்ல – வெல்லவாய வீதியில் 2025 செப்டம்பரில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்களே, அந்தப் பக்கமும் இதே மாதிரி இறக்கம்தான். ஆகவே எந்த வண்டி நன்றாக இறங்கும் என்று பார்த்து வாங்கு.

என்ஃபீல்டின் பிரேக்கில் குறை சொல்ல மாட்டேன், கியரில் விட்டு இறக்கினால் என்ஜினும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கிளாசிக் 350 இன் எடை 195 கிலோ. ஓடும்போது அது தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றுவிட்டது என்று வை. நீயும் நிற்க வேண்டும். வீதியோ ஒரு பக்கம் சரிந்திருக்கும், சரிவுப் பக்கம் காலை நீட்டினால் நீ நினைத்த இடத்தில் தரை இருக்காது. அந்த நேரத்தில் 195 கிலோ சாய ஆரம்பித்தால், ஐம்பதைத் தாண்டிய நம் இடுப்பு அதைத் தாங்காது. இறக்கத்தில் சுவரைப் பார்த்து நிறுத்திவிட்டால் பின்னுக்கு இழுப்பதும் உன் வேலைதான். ஆசையை முழுதாக விடச் சொல்லவில்லை. ஒரு வருடம் சின்ன வண்டியில் கையும் காலும் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

உன் மனைவி சொல்லும் ஸ்கூட்டர் டவுனுக்குள் தங்கம்தான், எனக்கும் மறுப்பில்லை. நெடு இறக்கத்துக்கு அது ஆகாது. கியர் இல்லாததால் இரண்டாவதில் போட்டு இறக்கும் வசதி கிடையாது. வேகம் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடும், என்ஜின் பிடிக்காது. பாரம் முழுக்க பிரேக்கின் தலையில்தான். ட்ரம் பிரேக் சூடேறினால் பிடி குறையும். சின்னச் சில்லு குழியில் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. யாரோ காட்டிய ஜப்பான் ட்ரெயில் பைக்கை மறந்துவிடு. உன் உயரத்துக்கு அதில் ஏற ஸ்டூல் வேண்டும்.

என்னைக் கேட்டால் 125 இலிருந்து 150 சிசிக்குள், முன்னுக்கு டிஸ்க் பிரேக்கும், பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ளதாக, பெற்றோல் இன்ஜெக்ஷன் வண்டியாக எடு. யமஹா எஃப்.இஸட் 135 கிலோ அளவுதான், இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர். பல்சர் 150 கொஞ்சம் கனம், ஆனால் எந்த டவுனில் நின்றாலும் அதற்குச் சாமான் கிடைக்கும், அதைத் திருத்தத் தெரிந்த பாஸும் கிடைப்பார். இன்ஜெக்ஷனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்று குறைவு, எந்த என்ஜினும் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இழக்கும். காபரேட்டர் வண்டியில் அதற்கு மேல் பெற்றோலும் அதிகமாகக் கலந்து பிளக் கறுத்துப்போகும். இன்ஜெக்ஷன் வண்டி காற்றுக்கு ஏற்ப அளவைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பழைய வண்டி என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். 2020 இல் இறக்குமதி நின்று, 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் பாவித்த வண்டிகளுக்குக் கண்ட கண்ட விலை சொல்லிப் பழகிவிட்டார்கள். பெயின்டைப் பார்த்து மயங்காதே. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 இன் இருபத்து மூன்றாம் கிழமையில் செய்தது. பூ தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். டர்பன்டைன் (யூகலிப்டஸ்) இலை நனைந்து ஒட்டிக் கிடக்கும் வளைவில் அந்த டயர் உன்னைக் காப்பாற்றாது. வண்டியோடு புது டயர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடு. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஃபினான்ஸ் கம்பனியின் பெயர் இருந்தால், அதை நீக்கித் தரும்வரை ஒரு சதமும் கொடுக்காதே. 'ஓபன் பேப்பர்', அதாவது வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட மாற்றுப் பத்திரம் என்று யாராவது சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடு. உன் லைசனையும் எடுத்துப் பார். தவணை முடிந்திருக்கலாம். சின்ன மோட்டார் சைக்கிளுக்கான ஏ1 வகை மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது.

இன்னொன்று. கட்டாரில் இத்தனை வருடம் வலது பக்கம் கார் ஓட்டியிருக்கிறாய். இங்கே நேராகப் போகும்போது தடுமாற மாட்டாய். சந்தியில் திரும்பும்போதும், வெறிச்சோடிய வீதியில் காலையில் புறப்படும்போதும்தான் கை பழைய பக்கத்தைத் தேடும். முதல் கொஞ்ச நாள் மைதானத்தில் வட்டம் போடு. பின் பிரேக்கைப் பிடித்தபடி ஏற்றத்தில் எடுத்துப் பழகு. கட்டுநாயக்காவில் வாங்கிய அந்த முகம் மூடாத ஹெல்மெட்டைப் பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, முகம் மூடியதாக ஒன்று வாங்கு.

வண்டி பார்க்கப் போகும்போது சொல், நானும் வருகிறேன். சனிக்கிழமை சரி. ஞாயிறு சந்தைக்குப் போக வேண்டும், அன்றைக்கு என்னை எதிர்பார்க்காதே.

உன் பழைய கூட்டாளி