ஏ-9 வீதியில் போனால் சம்மதமா?

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது பெரிய சந்தோசம். இங்கே எல்லோரும் சுகம், சிறுபோகம் விதைத்தாயிற்று.

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் லொக்கைக் காட்டி எழுதியிருந்தாய். பெருந்தெருவில் தடையில்லாமல் போய்வருகிறவன் அந்த அரசுக்கு மறைமுகமாகச் சம்மதம் கொடுத்தவனே என்று அவர் சொன்னது கிளிநொச்சியில் இருப்பவனுக்கு ஒத்துவராது. யுத்த காலத்தில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில் பாஸ் என்ற பயண அனுமதி எடுத்தும் போனோம், அடையாள அட்டை நீட்டியும் போனோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு நடந்தோம். வீதி யார் கையில் இருந்ததோ அவர்கள் சொல்லைக் கேட்டோம், வேறு பாதை இருக்கவில்லை. நித்திரையில் தூக்கிக் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதிக்காததால் கப்டனை ஏற்றுக்கொண்டான் என்றாகுமா என்று இன்னொரு மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1748இல் கேட்டார். நான் அவர் பக்கம்.

அதற்காக, சம்மதம் என்பதே வெறும் கதை என்று நீ முடித்தால் ஏற்கமாட்டேன். 1971இல் தமிழரசுக் கட்சி புதிய அரசியல் யாப்பை எழுதக் கூடிய அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது. அடுத்த வருடம் அந்த யாப்பு வந்தது. கட்சித் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறை நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, சனம் இதை ஏற்கிறதா என்று இடைத்தேர்தலில் பார்ப்போம் என்றார். அந்தத் தேர்தலையே 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தார்கள். வென்றது அவர்தான். 1978 யாப்பு இறைமை மக்களுக்கு உரியது, பராதீனப்படுத்த, அதாவது பிறருக்குக் கைமாற்ற, முடியாதது என்கிறது. அந்த யாப்பையும் சர்வசன வாக்கெடுப்புக்கு விடவில்லை.

உண்மையான சம்மதம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். இரணைமடுக் குளத்துச் சிறுபோகக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பொறியியலாளர் சொன்னார். வாய்க்கால் கடைசிக் காணிக்காரர் ஒருவர் எழும்பி, தன் பங்கு காணாது என்று தொண்டை கிழியக் கத்தினார். அவரை யாரும் இருத்தவில்லை. எல்லோரும் கதைத்து முடித்த பிறகுதான் விதைக்கும் ஏக்கரைக் குறைக்கக் கை உயர்த்தினோம். அவரும் உயர்த்தினார். இப்போது பயிர் வாடினாலும் தன் முறை வரும்வரை வாய்க்கால் கதவைத் தொடுவதில்லை. பொலிஸ் நின்று காவல் பார்க்கவில்லை.

நாட்டையே ஒரு குளத்தடியில் கூட்டமுடியாது என்பாய். சரி, முடியாதுதான். ஆனால் 2016இல் யாப்புக்குக் கருத்துக் கேட்டு மாவட்டம் மாவட்டமாகக் குழு வந்தபோது சனம் போய்ப் பேசியதே. பிறகு அந்தப் புதிய யாப்பு வரவேயில்லை. கேட்பதற்கு வழி இல்லாமல் போகவில்லை, கேட்டதை மதிக்கத்தான் ஆளில்லை. இதற்கு உன் லொக் என்ன சொல்வார்? எழுது.

கல்யாணத் திகதியையும் வேளைக்கே அறிவி. அறுவடை நாட்களில் வைத்துவிடாதே.

உன்,
பழைய வகுப்புத் தோழன்