விலை கேட்கும் முன் நம்பரைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 1955 செவர்லே அரை டன் வண்டி ஒருவழியாக உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. கூடவே வைத்திருந்த பார்ட்ஸ் பட்டியலையும் பார்த்தேன். ஒரு வரியிலும் பார்ட் நம்பர் இல்லை. எல்லாவற்றுக்கும் "1955 செவர்லே" என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அந்த ஆண்டு வண்டிக்கு அது போதவே போதாது.

அந்த ஒரே ஆண்டில் இரண்டு வகை டிரக் வந்தது. மார்ச் கடைசி வரை வந்தது பழைய உடம்பு, 6 வோல்ட். முதல் சீரிஸ் என்பார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டாம் சீரிஸில் முன்கண்ணாடி இரண்டு பக்கமும் வளைந்து திரும்பும், கரன்ட் 12 வோல்ட். ஒன்றின் கதவும் மட்கார்டும் மற்றதில் உட்காராது. டைனமோ, ரெகுலேட்டர், பல்பும் அப்படித்தான். விற்பவர் இரண்டையும் 1955 என்றே சொல்வார், அது பொய்யும் இல்லை. நீ சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் உன்னுடையது முதல் சீரிஸ். பட்டியலில் முதல் வேலையாக அதை எழுதிவிடு. இன்ஜின் 235-தானா என்றும் பார்த்துக்கொள். இது இன்ஜின் கொள்ளளவு, கன அங்குலத்தில். 1953 வரை அரை டன் வண்டியில் வந்தது 216. அதில் கனெக்டிங் ராடுக்குள் உலோகத்தை உருக்கி ஊற்றிய பேரிங். 1954 முதல் வந்த 235-இல் கழற்றி மாற்றும் ஷெல் பேரிங், அதற்கு ஆயில் பிரஷரோடு போகும். இடையில் யாராவது இன்ஜினை மாற்றியிருந்தால், வண்டியின் ஆண்டை வைத்து வாங்கிய ராடும் பேரிங்கும் வீண்.

வார்ப்பில் புடைத்திருக்கும் நம்பர் வேறு, பார்ட் நம்பர் வேறு. ஒரே வார்ப்பை லேத்தில் இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு பார்ட் நம்பர் கொடுப்பது வழக்கம். ஆகவே வார்ப்பு நம்பர் ஒத்துப்போனாலும் துளைகளையும் அளவுகளையும் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதே. செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வார்ப்புகளில் தேதியும் இருக்கும். "சி 15 4" என்றால், சி மூன்றாம் எழுத்து என்பதால் மூன்றாம் மாதம், 15-ஆம் தேதி, 4-இல் முடியும் ஆண்டு. அது 1954-ஆ 1964-ஆ என்பதை வார்ப்பு நம்பர்தான் சொல்லும். வண்டி கட்டிய தேதிக்குப் பிந்திய தேதி இருந்தால் அது வண்டியோடு பிறந்த பாகம் இல்லை. ஓடுவதற்கு அதனால் ஒரு குறையும் வராது, ஆனால் "வண்டியோடு வந்தது" என்று கூட்டிக் கேட்கும் விலையைக் கொடுக்க வேண்டாம்.

உன் தம்பியின் 1965 ஃபோர்டுக்கு நம்பர் படிப்பது இன்னும் சுலபம். "சி5டிஇசட்" என்று தொடங்கினால், சி என்பது 1960-கள், 5 என்பது அதில் 1965, டி என்பது டிரக், இசட் என்பது சர்வீஸ் பார்ட். நடுவில் வரும் எண் அது என்ன பாகம் என்று சொல்லும்: 2140 என்றால் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், 6049 என்றால் சிலிண்டர் ஹெட். முன்னெழுத்து காட்டுவது அந்தப் பாகம் முதலில் எந்த ஆண்டுக்காக வரையப்பட்டது என்பதை மட்டுமே. பின்வந்த வண்டிகளிலும் அதே நம்பர் ஓடியிருக்கலாம். 1965 என்று மட்டும் தேடினால் பாதி சரக்கு கண்ணில் படாது. எது எதற்குச் சேரும் என்று பார்க்க 1934-இல் தொடங்கிய ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் புத்தகம் கைவசம் இருக்கட்டும்.

இனி விலை. கேட்கும் விலையை ஒதுக்கிவிட்டு, உண்மையில் விற்றுப்போன விலைகளை மட்டும் எடு. அதிலும் உச்சத்தில் இருப்பதைத் தள்ளு. அது இரண்டு பேர் போட்டியில் ஏறிய விலை. ரிப்பேர் செய்து ஓட்ட வேண்டிய பழைய பாகமென்றால் கணக்கைக் கடைசியிலிருந்து போடு. தயார் செய்த ஹெட் 100-க்குக் கிடைக்கிறது என்று வை. லேத் வேலை 40, வால்வும் கேஸ்கெட்டும் 15, சரக்குக் கூலி 10 போனால் மிச்சம் 35. ஆனால் வால்வு சீட்டுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதற்கும் கழித்து 20-க்கு மேல் நான் போகமாட்டேன். விரிசலைக் காட்டிக்கொடுக்கும் காந்தப் பொடி சோதனை செய்த ஹெட் என்றால் மட்டும் 35 வரை போகலாம். பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் திரும்பும் என்று சொல்லி விற்பவர் இருந்தால், அவரிடம் விரிசல் விட்டதை ஏற்பாரா, திருப்பி அனுப்பும் கூலி யார் தலையில் என்று முதலிலேயே கேட்டுவிடு.

ரோசெஸ்டர் பி கார்பரேட்டர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாயே, அதை மேல்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல். மூடியிலும் கிண்ணத்தின் விளிம்பிலும் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, வெளிச்சம் தெரிகிறதா பார். இந்த மாடல் சூட்டில் கோணும். கோணினால் கேஸ்கெட் எத்தனை புதிதாக இருந்தாலும் கசியும், காற்று இழுக்கும். பிறகு த்ராட்டில் தண்டை விரலால் மேலும் கீழும் ஆட்டு. ஆடினால் தேய்ந்த துளைக்குப் புஷ் என்ற உலோக வளையம் போட வேண்டும், அந்தக் கூலியை விலையில் குறைத்துக்கொள். ஸ்க்ரூ மரைகள் தின்றுபோயிருந்தால் விட்டுவிடு.

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்றதும் கை நீட்டாதே. பெட்டியின் நம்பரும் உள்ளே பாகத்தில் அடித்த நம்பரும் ஒன்றா என்று பார். யாரோ திருப்பிக் கொடுத்த பழுது உள்ளே இருப்பது உண்டு. கண்ணில் படும் எம்ப்ளம், கிரில், லைட் கண்ணாடி என்றால் நல்ல செகண்ட்ஹேண்ட் விலையைப் போல இரண்டு மடங்கு கூடக் கொடுக்கலாம், நகலில் அந்த நேர்த்தி வருவதில்லை. உள்ளே மறைந்து கிடப்பதற்கு அது அவசியமில்லை. வீல் பேரிங்கிலும் ஆயில் சீலிலும் பேரிங் கம்பெனியின் நம்பரைப் படி. படிக்க முடியாவிட்டால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் அளந்து கேள். வண்டிக் கம்பெனி பெட்டியில் வந்தால் மட்டும் விலை ஏறும், சரக்கு அதேதான்.

ரப்பரைப் பழையதாக வாங்கவே வாங்காதே. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் பெட்டிக்குள் இருந்தபடியே இறுகிப்போகும். பழைய டயாஃப்ரத்துக்கு எத்தனால் கலந்த பெட்ரோலும் ஆகாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் தூசியை ஊதக் கூடாது. தம்பியின் வண்டியில் ஃபயர்ஸ்டோன் ஆர்ஹெச்-5 டிகிரி என்ற இரண்டு துண்டு ரிம் இருந்தால், அதற்கு ஒரிஜினல் தேட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். காற்று ஏற்றும்போதே பிரிந்து ஆளைக் கொன்ற ரிம் அது. வீலோடு மாற்றச் சொல்.

இன்ஜின் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் அடித்திருக்கும் நம்பர், கதவுத் தூணில் இருக்கும் பிளேட் நம்பர், டைனமோ பட்டியில் உள்ள டெல்கோ-ரெமி (அதைச் செய்த கம்பெனி) நம்பர் மூன்றையும் துடைத்து, படம் எடுத்து அனுப்பு. அவை வந்ததும் உன் பட்டியலை வரி வரியாக நிரப்பித் தருகிறேன். அதுவரை நீ வாங்கப் பார்க்கும் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்