பழைய கணினிக்கு லினக்ஸ் போதும். பழைய எழுத்துருதான் விடமாட்டேன் என்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு இலவசமாக வழங்கிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு தரப்பட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாததும் வேண்டும். தாலுகா அலுவலகத்திற்கு எதிரே தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்தும் என்னிடம் மூன்று கணினிகள் உள்ளன. அவற்றில் இரண்டு நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. பார்க்க வந்த மெக்கானிக், "பேசாமல் எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை எடைக்குப் போட மனம் வராததால், இரண்டிலும் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸின் ஒரு வடிவம், லினக்ஸ் மிண்ட், நிறுவினேன்.

வன்தட்டில் உள்ள எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே அதை இயக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 4 ஜி.பி. நினைவகத்தில் அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் எளிய பதிப்பு தடங்கலின்றி ஓடுகிறது. ஆவணம் தட்டச்சு செய்ய லிப்ரெஆபிஸும், இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸும் கூடவே வந்துவிடுகின்றன. பழைய பிரிண்டர் ஒன்று மட்டும் இரண்டு நாள் ஆட்டம் காட்டியது.

உண்மையான சிக்கல் தமிழில் வந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடில் தட்டச்சு செய்வதற்குத் தடையில்லை; தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொண்டால் விரல்களுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் பத்திர மாதிரிகளும் மனுக்களும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. எழுத்துருக் கோப்பைப் படியெடுத்துப் போட்டால் படிக்க முடியும். திருத்தி அடிக்க உதவும் தட்டச்சு மென்பொருள்களோ, நான் பயன்படுத்தியவரை, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. யூனிகோடுக்கு மாற்றினால், பார்வை வரிசையில் முன்னே நிற்கும் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னே போக வேண்டும். மாற்றித் தரும் மென்பொருள் சற்றுத் தடுமாறினாலும் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமுமாகச் சிதறிவிடும். நான் சேர்த்து வைத்திருந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்தி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. எழுத்துரு மாற்றம் என்பது என்றைக்கிருந்தாலும் செய்தே தீர வேண்டிய வேலை என்பதால், அந்தப் பழியை லினக்ஸின் தலையில் கட்ட நான் தயாராக இல்லை.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. படம் சேர்த்து வைக்க இடம் போதவில்லை என்று மாணவர்கள் கடைக்கு எடுத்து வருவார்கள். பாஸ் இருந்த பகுதியை அழித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, அழித்த எனக்கும் தெரியாது. பக்கத்துக் கேரளத்திலோ அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக, லினக்ஸ் போல யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கிறது. கருவி ஏறத்தாழ ஒன்றே என்றாலும், அங்கே அது பாடத்தோடும் ஆசிரியர் பயிற்சியோடும் சேர்ந்து வந்தது.

எல்லோரும் இன்றே மாறிவிடலாம் என்று நான் எழுதவில்லை. டேலியில் கணக்கு எழுதுவோரும், மின் கையொப்ப டோக்கனை அன்றாடம் பயன்படுத்துவோரும் விண்டோஸ் கணினி ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது. எனது மூன்றாவது கணினியில் விண்டோஸ் இருப்பதற்கு டேலி ஒரு காரணம். மற்றொரு காரணம், யூனிகோடில் அடித்துக் கொடுத்த மனுக் கோப்பை "வழக்கமான ஃபாண்டில் அடித்துக் கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் மேசைகள் இன்னும் இருப்பது.

தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ்16 என்னும் தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டிருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. புதிதாக ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டியதில்லை. யூனிகோடில் வரும் கோப்புகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று, இருக்கும் அரசாணையை மேற்கோள் காட்டி, ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் தன் கீழுள்ள அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடை நடத்தும் வாசகர்,
தேவகோட்டை.