குரங்குக்குப் பழத்தில் பூச்சி மாத்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒகேனக்கல்லிலும் தொப்பூர் கணவாயிலும் மெலிந்து, முடி கொட்டி, கழிச்சலோடு திரியும் நாட்டுக் குரங்குகளுக்கு இரங்கி, வாழைப்பழத்துக்குள் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையைச் செருகிப் போடுகிறார்கள் சிலர். எண்ணம் நல்லதுதான், செயல் ஆபத்து.

கடையில் கிடைப்பது 400 மில்லிகிராம் மாத்திரை. வளர்ந்த பெண் குரங்கின் எடை சுமார் 4 கிலோ. அதற்கு இது கிலோவுக்கு 100 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள மனிதருக்கோ 8 மட்டுமே. அதிலும் வலுத்த ஆண் குரங்கு மூன்று பழத்தைப் பிடுங்கிக்கொள்ளும், குட்டியோடு ஒதுங்கி நிற்கும் தாய்க்கு ஒன்றும் கிடைக்காது. கன்னப்பையில் அடக்கிக்கொண்டு போய், கசந்ததும் துப்புவதும் உண்டு. அளவு மிஞ்சினால் எலும்பு மஜ்ஜை கெட்டு வெள்ளணுக்கள் குறையும், சினையாக இருந்தால் கருவுக்கும் கேடு. இத்தனைக்குப் பிறகும் சாட்டைப்புழு என்ற குடற்புழு ஒரு வேளை மருந்துக்கு மசியாது.

முதலில், காரணம் புழுதானா? முடி கொட்ட வேறு பல காரணங்கள் உண்டு. மலத்தைப் பார்த்தால்தான் தெரியும். அப்போதே விழுந்த மலத்தில் மண் படாத உள்பகுதியை மட்டும் கையுறையோடு எடுக்க வேண்டும். தாமதித்தால் மண்ணில் வாழும் புழுக்கள் ஏறிக் கணக்கைக் கெடுத்துவிடும். பாதியைக் கெடாமல் காக்கும் மருந்தான 10 சதவீத ஃபார்மலினில் போட்டு, மீதியை மருந்தில்லாமல், ஃபிரிட்ஜில் வைக்காமல் கொண்டு செல்ல வேண்டும். இனியும் கரையாது என்ற அளவுக்கு உப்பிட்ட நீரில் கரைத்து, வடிகட்டி, 15 நிமிடம் விட்டால் முட்டைகள் மேலே மிதக்கும். எலுமிச்சை வடிவில் இரு முனையிலும் அடைப்புள்ளது சாட்டைப்புழு முட்டை. கொக்கிப்புழு முட்டையும், குடல் சுவரில் முடிச்சு உண்டாக்கும் முடிச்சுப்புழுவின் முட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். மருந்து சேர்க்காத பாதியை ஒரு வாரம் வைத்துப் புழுக்குஞ்சு வளர்த்தால்தான் பிரித்தறிய முடியும். இதைச் செய்யாமல் "கொக்கிப்புழு" என்று எழுதித் தரும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

உண்மையான சிக்கல் மண்ணில் இருக்கிறது. மரத்துக்கு மரம் தாவும் குரங்கின் மலம் காடெங்கும் சிதறிவிடும். வண்டியை நிறுத்திப் பொரி, பிஸ்கெட் எறியும் இடத்திலோ தின்பதும் கழிப்பதும் ஒரே தரையில். சாட்டைப்புழு முட்டை ஈர மண்ணில் சில வாரங்களில் தொற்றும் நிலையை அடையும், நெடுநாள் சாகாது. பிளீச்சிங் பவுடர் தூவினாலும் பயனில்லை. கொக்கிப்புழுக் குஞ்சு 5 முதல் 10 நாளில் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெறுங்காலோடு நடப்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும், குரங்குப் புழுக்களில் சில மனிதரையும் பிடிக்கும்.

ஆகவே நாள்தோறும் காலையில் மலத்தை வாரி, ஆற்றிலிருந்து தள்ளிக் குழியில் புதைக்க வேண்டும். குழாய் நீரால் அடித்துக் கழுவுவது முட்டையைப் பரப்பும் வேலை. மருந்து தேவையா, எவ்வளவு என்பதை வனத்துறைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். மீன் வறுவல் கடைகளின் இலைக் குப்பைக்குத் தாழ்ப்பாள் உள்ள தொட்டி வையுங்கள். வெறும் மூடியென்றால் குரங்கு நொடியில் திறந்துவிடும்.

- கால்நடை மருத்துவர், பென்னாகரம்