எல்.சி. வந்த அன்றே படித்துவிடுங்கள்: திருப்பூர் சிறு ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரின் சிறு, நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு வணக்கம்.

ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். வெளிநாட்டு வாங்குநரான பையரிடமிருந்து எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) வந்துவிட்டது என்றதும் நூலுக்குச் சொல்கிறீர்கள், பேக்கிங் கிரெடிட் (சரக்கு தயாரிக்க வங்கி தரும் கடன்) கேட்டு வங்கிக்குப் போகிறீர்கள். ஆனால் அந்த எல்.சி.யை ஒருவர் வரிவரியாகப் படிப்பது, சரக்கு கப்பல் ஏறிய பிறகு இன்வாய்ஸ் அடிக்க உட்காரும்போதுதான். அப்போது கண்ணில் படும் கோளாறுக்குப் பெரும்பாலும் மருந்து கிடையாது. எல்.சி. வந்த நாளில் பையருக்கு உங்கள் சரக்கு வேண்டும். திருத்தம் கேட்டால் தருவார். சரக்கு நடுக்கடலில் இருக்கும்போது கேட்டால், விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவர் கேட்பார்.

எல்.சி. என்பது பையருடைய வங்கி உங்களுக்குத் தரும் வாக்கு. கேட்ட ஆவணங்களை, கேட்டபடி, கெடுவுக்குள் கொடுத்தால் பணம் தருவதாகச் சொல்கிறது, அவ்வளவுதான். வங்கி டி-ஷர்ட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் யு.சி.பி. 600 என்ற உலகளாவிய எல்.சி. விதிகளின் 4, 5-ஆம் பிரிவுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: விற்பனை ஒப்பந்தம் வேறு, எல்.சி. வேறு, வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. தையல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் காகிதத்தில் பிசகினால் பணம் நின்றுவிடும்.

உங்கள் வங்கி தரும் ஸ்விஃப்ட் (வங்கிகளின் செய்தி வலை) பிரதியில் மேலே எம்.டி. 700 என்று, எல்.சி. செய்தியின் வகை எண் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. முதலில் மூன்று வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 44சி கடைசி ஷிப்மெண்ட் தேதி, 48 ஷிப்மெண்டுக்குப் பின் ஆவணம் கொடுக்க எத்தனை நாள், 31டி எல்.சி. எந்தத் தேதியில், எந்த ஊரில் காலாவதி ஆகிறது. அந்த ஊரைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி ஷிப்மெண்ட் ஜூன் 30, காலாவதி ஜூலை 15, இடம் ஜெர்மனி, ஆவணம் கொடுக்க 15 நாள். எல்.சி.யும் அங்கிருக்கும் வங்கியிடம் மட்டுமே செல்லும், அதாவது ஆவணம் கெடுவுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஜூன் 24-ல் தூத்துக்குடியில் சரக்கு கப்பல் ஏறுகிறது என்றால் உங்கள் கெடு ஜூலை 15 அல்ல, ஜூலை 9. பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம்) கைக்கு வர மூன்று நாள், சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜினுக்கு (சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்ற சான்று) இரண்டு நாள், உங்கள் வங்கி பார்க்க இரண்டு நாள், கூரியருக்கு நான்கு நாள் என்று வைத்தாலே பதினொன்று போய்விட்டது. நடுவில் ஞாயிறு வரும், பி.எல். வரைவில் ஒரு திருத்தம் வரும். ஆகவே காலாவதி இந்தியாவில் இருக்கட்டும், இந்திய வங்கியிடமே நெகோஷியேட் செய்யும்படி (ஆவணம் கொடுத்துப் பணம் வாங்கும்படி) 41-ஆம் வரி இருக்கட்டும், 48-ல் 21 நாள் இருக்கட்டும் என்று கேளுங்கள். 48 காலியாக இருந்தால் விதிப்படி 21 நாள்தான். காலாவதி நாள் வங்கி விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாள் கிடைக்கும். கடைசி ஷிப்மெண்ட் தேதிக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. சேதாரத்துக்கென்று கூடுதலாக வெட்டுவது நம் ஊர் வழக்கம். மிஞ்சியதையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறோம். எல்.சி. 10,000 பீஸ் என்கிறது, நீங்கள் 10,150 அனுப்புகிறீர்கள். யு.சி.பி. 5 சதவீதம் கூடக்குறைய விடுகிறதே என்று யாராவது சொல்வார்கள். அது கிலோவுக்கும் மீட்டருக்கும்தான். பீஸ் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ எழுதிய சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. பார்ட் ஷிப்மெண்ட் (பகுதி பகுதியாக அனுப்புவது) கூடாது என்றிருந்தால் 9,850 அனுப்பினாலும் தவறுதான். அளவிலும் தொகையிலும் 5 சதவீதம் கூட, குறைய என்று எல்.சி.யிலேயே எழுதி வாங்குவதுதான் வழி.

45ஏ-யில் இருக்கும் சரக்கு விவரத்தை இன்வாய்ஸில் அப்படியே இறக்குங்கள். எல்.சி.யில் 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்தேன் என்றிருக்க, இன்வாய்ஸில் காட்டன் லைக்ரா என்று பழக்கதோஷத்தில் அடித்தால் அது டிஸ்கிரிபன்சி, அதாவது எல்.சி.யோடு ஒத்துப்போகாத குறை. பொருளை மாற்றாத எழுத்துப் பிழையை வங்கி பொறுத்துக்கொள்ளும். ஸ்டைல் எண் 4521 என்பது 4512 ஆனால் பொறுக்காது.

தூத்துக்குடியிலிருந்து ஃபீடரில் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறும் சரக்குக்கு, டிரான்ஷிப்மெண்ட் (வழியில் கப்பல் மாற்றுவது) கூடாது என்ற வரியைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். கன்டெய்னரில் போவதாக பி.எல். காட்டி, முழுப் பயணமும் அந்த ஒரே பி.எல்.லில் அடங்கினால் யு.சி.பி.யின் 20-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. அந்த விதி பொருந்தாது என்று கூடுதல் நிபந்தனைகள் வரும் 47ஏ-யில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது 46ஏ (கேட்கும் ஆவணங்கள்), 47ஏ-யில் ஒளிந்திருக்கும் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பையரின் பிரதிநிதி கையெழுத்திட்ட இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட். அந்தக் கையெழுத்து எல்.சி. திறந்த வங்கியில் உள்ள மாதிரியோடு பொருந்தவும் வேண்டும். சந்தை விழுந்தால் அந்த ஆள் கையெழுத்துப் போட வரமாட்டார், அல்லது வேறு மாதிரி போடுவார். அதோடு எல்.சி. செத்தது. மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தின் சர்டிபிகேட்டாக மாற்றச் சொல்லுங்கள். மற்றொன்று, மூன்று ஒரிஜினல் பி.எல்.லில் ஒன்றை நேரே பையருக்கு அனுப்பு என்பது. அந்த ஒன்றே போதும், அவர் சரக்கை எடுத்துவிடுவார். வங்கி ஆவணத்தை மறுத்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், மாற்றாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

வங்கியின் நாடே தடுமாறும் காலமும் உண்டு. 2022-ல் இலங்கை டாலர் இல்லாமல் தவித்தபோது, அங்கிருந்து வரும் எல்.சி.க்கு வேறு நாட்டு வங்கியின் கன்ஃபர்மேஷன் (தானும் பணம் தருவதாக அது சேர்க்கும் வாக்கு) இருக்கிறதா என்பதே முதல் கேள்வி ஆனது. 49-ஆம் வரியைப் பாருங்கள்.

டிஸ்கிரிபன்சி வந்தால் பதறி விலையைக் குறைக்காதீர்கள். ஆவணம் கிடைத்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி நாட்களுக்குள், எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் வங்கி சொல்லியாக வேண்டும். கெடு மீதி இருந்தால் திருத்திய காகிதத்தை மறுபடி கொடுக்கலாம். எல்.சி.க்கு வெளியே, பையரிடம் வசூல் மட்டும் செய்து தரும் கலெக்‌ஷனில் அனுப்பச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மட்டும் வங்கியின் வாக்கு அத்தோடு போய்விடும்.

திருத்தம் கேட்பது பையரிடம். தருவது அவருடைய வங்கி. பல திருத்தங்கள் ஒரே அமெண்ட்மெண்டில் வந்தால் பிடித்ததை மட்டும் ஏற்க முடியாது, முழுதாக ஏற்க வேண்டும் அல்லது முழுதாக மறுக்க வேண்டும். பையர் மின்னஞ்சலில் சரி என்று எழுதியது வங்கியிடம் செல்லாது. எம்.டி. 707 என்ற திருத்தச் செய்தி உங்கள் வங்கி வழியாக வந்து சேரும்வரை பழைய எல்.சி.தான் எல்.சி. அதுவரை துணியை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணச் சரிபார்ப்பாளர்கள் சிலர்